அரைப்பேர் இல்லாத செயலமர்வு

தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு ‘அரைப்பேர்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. காலையில் பிரட்டுக்குப் போய், நாள் முழுவதும் மலையில் நின்று கொழுந்து பறித்தாலும், குறித்த கிலோ வராவிட்டால் அன்றைக்குப் பாதிப் பேர்தான் விழும். சம்பளமும் பாதிதான். நகரத்தில் வளரும் எங்களில் பலருக்கு இந்தச் சொல் தெரியாது. எனக்கு இதைச் சொல்லித் தந்தவள் எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எங்கள் இணையவழிச் செயலமர்வில் சேர்ந்த ஒரு மாணவி. அவளும் என்னைப் போல உயர்தர வகுப்பில்தான் படிக்கிறாள். இன்றுவரை நாங்கள் நேரில் சந்தித்ததில்லை.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவிகளைக் கொண்டு, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பிள்ளைகள் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதை இப்போது யாரும் மறுப்பதில்லை. என் கருத்து அதற்கு அடுத்த படியைப் பற்றியது. எங்களிடையே மிகச் சிறிய போனும் மிகக் குறைந்த டேட்டாவும் யாரிடம் இருக்கிறதோ, அவளை அளவாக வைத்துத்தான் செயலமர்வைத் தைக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் அவளும் வருகிறாள், அவளும் உழைக்கிறாள், ஆனால் அவளுக்கு நாங்கள் அரைப்பேர்தான் போடுகிறோம்.

‘செயலமர்வு’ என்ற பெயரில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். சென்ற வருடம் நானும் என் தோழிகளும் இணையவழியில் ஒரு செயலமர்வில் கலந்துகொண்டோம். ஒன்றரை மணி நேரம் ஒருவர் பேசினார். நல்ல பேச்சுதான். நாங்கள் தொடக்கத்தில் “வஅலைக்கும் ஸலாம்” என்று தட்டச்சு செய்தோம். நடுவில் “விளங்குகிறதா பிள்ளைகள்?” என்று கேட்டபோது “ஓம் சேர்” என்றோம். முடிவில் “ஜஸாக்கல்லாஹ் ஹைரன்” என்று எழுதிவிட்டு வெளியேறினோம். செயலும் இல்லை, அமர்வும் இல்லை. அதை ஒலிப்பதிவாக அனுப்பியிருந்தால் வேலை செய்துகொண்டே கேட்டிருக்கலாம்.

இந்தப் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வகுப்பறையை அப்படியே தூக்கிக் கைபேசிக்குள் வைத்தார்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோதும் அதேதான். அவசர காலத்தில் ஆசிரியர்கள் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள், அதற்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த நாட்களில் நாட்டின் பல பகுதிகளில் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறிய படங்களைப் பத்திரிகைகளில் கண்டோம். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணினி எழுத்தறிவு பற்றி எடுக்கும் ஆய்வில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று பிரிவுகள் இருக்கின்றன. அதில் கடைசியில் நிற்பது தோட்டம். சப்ரகமுவவில் இந்த மூன்று பிரிவுகளும் ஒரே பஸ் பாதையில் அடுத்தடுத்து இருக்கின்றன. பஸாரில் நான்கு கோடு சிக்னல். மலை வளைவைத் தாண்டினால் ஒரு கோடு. லயத்துக்குள் நுழைந்தால் அதுவும் இல்லை.

அப்படியானால் நேரிலேயே கூடலாமே என்று கேட்கலாம். கூட முடிந்தால் அதுவே சிறந்தது. ஆனால் எங்கள் மாகாணத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மாவனல்லையும் ஹெம்மாத்தகமையும் ஒரு பக்கம். எட்டியாந்தோட்டையும் தெரணியகலையும் இன்னொரு பக்கம். இரத்தினபுரியைத் தாண்டி காவத்தை, பலாங்கொடை, இறக்குவானை. இவற்றில் தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் சிதறி இருக்கிறார்கள். முஸ்லிம் பாடசாலைகளிலும் தோட்டப் பாடசாலைகளிலும் நாங்கள் ஒரே பாடப்புத்தகத்தை, ஒரே பரீட்சைக்காகப் படிக்கிறோம். ஒருவரையொருவர் தெரியாது. ஒரு சனிக்கிழமைக் கருத்தரங்குக்காக ஒரு மாணவி இரண்டு மூன்று பஸ் மாறி வந்து, இருட்டுவதற்குள் திரும்பிப் போவது எல்லா வீட்டுக்கும் இயலாத காரியம். மழைக்காலத்தைச் சொல்லவே வேண்டாம். 2016 மே மாதம் அரநாயக்கவில் மண்சரிவு. அடுத்த ஆண்டு அதே மாதம் இரத்தினபுரியில் பெருவெள்ளம். பாதை மூடினால் படிப்பும் மூடிவிடுகிறது.

தமிழில் தொலைவிலிருந்தபடி சேர்ந்து வேலை செய்யும் வழக்கம் புதியதல்ல என்பதை எங்கள் வயதினர் பலர் அறிய மாட்டார்கள். ‘மதுரைத் திட்டம்’ 1998 பொங்கலில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கலாநிதி கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால், பல நாடுகளில் இருந்த தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மின்னஞ்சலில் அனுப்பி, இன்னொருவர் பிழை திருத்தி, இலவசமாக வெளியிட்டார்கள். அவர்களிடம் காணொளிக் கூட்டமும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோது அதை வளர்த்தெடுத்த முன்னோடி இ. மயூரநாதன் எங்கள் நாட்டவர், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பல்லாயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறது. மலையகத்துக்கும் முஸ்லிம்களுக்கும் அதில் தனித்தனி ஆவணகங்கள் உண்டு.

இந்த மூன்றையும் நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றிலும் வேலை சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓர் இடத்தில் இருக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் செய்ததை மற்றவர் பார்க்கவும் திருத்தவும் முடிந்தது. செலவில்லாத கருவி எது என்பதைவிட, வேலையை எப்படிப் பிரித்தார்கள் என்பதுதான் நாங்கள் அவர்களிடமிருந்து படிக்க வேண்டியது.

எங்கள் முயற்சி மிகச் சிறியது. எங்கள் வகுப்பு மாணவிகள் சிலரும், தோட்டப் பாடசாலைகள் இரண்டின் மாணவிகள் சிலருமாக இருபத்துநான்கு பேர். பொறுப்பாக மூன்று ஆசிரியைகள். வீட்டிலும் தோட்டத்திலும் மூத்தவர்கள் பேசும் சொற்களைச் சேர்த்து ஒரு சொற்கோவை செய்வதுதான் வேலை. ஆறு வாரங்கள் நடந்தது.

ஆறு ஆறு பேராகப் பிரிந்தோம். அதற்கு எங்களிடம் ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது, அதன் பெயர் சஹன். கலியாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காருகிறோம். ஒவ்வொருவரும் தம் முன்னால் இருப்பதிலிருந்து எடுத்து உண்பதுதான் ஒழுங்கு. மற்றவர் பக்கத்துக்குக் கையை நீட்டுவதில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு இறைச்சி போதவில்லை என்றால் தள்ளி வைக்கிறோம். ஒரு கூகுள் டொக்கை ஆறு பேர் சேர்ந்து எழுதுவதற்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி. மற்றவளின் பகுதியில் திருத்தம் இருந்தால் அழிக்காமல் பக்கத்தில் குறிப்பாக எழுத வேண்டும். ஒருத்திக்குச் சொல் கிடைக்கவில்லை என்றால் மற்றவர்கள் கொடுக்கலாம்.

ஒரே ஆவணத்தில் நூறு பேர்வரை ஒரே நேரத்தில் எழுத அந்தக் கருவி இடம் தருகிறது. ஆனால் ஆறு பேர் எழுதினால்தான் யார் எழுதவில்லை என்று தெரியும். நூறு பேர் கூடும் இடத்தில் கூச்சமுள்ளவள் ஒளிந்துகொள்வாள். நெட்வேர்க் இல்லாதவள் காணாமலே போய்விடுவாள், யாரும் தேடவும் மாட்டார்கள்.

அடுத்து, எந்தக் கருவி எவ்வளவு தின்னும் என்று பார்த்தோம். ஒரு மணி நேரக் காணொளிக் கூட்டம் அரை ஜீபி டேட்டாவைத் தாண்டிவிடக் கூடும். அது ஒரு வீட்டில் வாப்பாவோ அப்பாவோ ஒரு கிழமைக்கு என்று போட்ட ரீலோட்டாக இருக்கலாம். குரல் மட்டும் என்றால் அதில் ஒரு சிறு பகுதிதான் போகும். எழுத்து என்றால் கணக்கிலேயே வராது. ஆகவே எங்கள் ஒழுங்கு இப்படி அமைந்தது: கிழமை நாட்களில் எழுத்தும் குரல் பதிவும். சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரக் கூட்டம், கெமரா இல்லாமல். அந்த நேரத்தைத் தேர்ந்ததும் யோசித்துத்தான். பல வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன். அது தகப்பனோடு வேலைக்குப் போய் இரவில்தான் வீட்டுக்கு வரும். பின்னேரம் நான்கு மணி என்பது எங்களுக்கு வசதியான நேரம், அவர்களுக்குப் போன் இல்லாத நேரம்.

அரை மணி நேரம் என்று வைத்ததில் இன்னொரு இலாபமும் உண்டு. இலவச சூம் கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் அறுபது நிமிடம். இலவசக் கருவியின் எல்லையைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு அது கடிவாளமாக உதவியது. பேச்சு நீளவில்லை. கூட்டம் என்பது செய்த வேலையைச் சரிபார்க்கும் இடமாக மட்டும் இருந்தது.

சில சிக்கல்கள் சிரிப்பையும் தந்தன. தகப்பனின் போனில் எழுதுவதால் ஆவணத்தில் தகப்பனின் பெயரே விழும். ஒரு நாள் எங்கள் சஹனில் ‘அம்மாயி’ என்ற சொல்லுக்கு உருக்கமான விளக்கம் எழுதியவராக ஒரு லொறிச் சாரதியின் பெயர் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொருத்தியும் தன் பகுதியின் தலைப்பில் தன் பெயரை எழுதிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று வைத்தோம். சிறிய விதிதான். ஆனால் உழைத்தவளின் பெயர் உழைப்பின் மேல் இருக்க வேண்டும். முழுப் பேர்.

எழுத்துரு இன்னொரு சிக்கல். எங்கள் பாடசாலைகளில் இன்னும் பல ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகின்றன. அச்சுக்கு அது போதும். போனில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். பலர் சேர்ந்து எழுத வேண்டுமானால் யூனிகோட் தவிர வேறு வழி இல்லை. போனில் உள்ள தமிழ் விசைப்பலகை யூனிகோட்தான் என்பதால், இந்த விஷயத்தில் கணினி அறையைவிடத் தோட்டத்துப் போன் முன்னால் நிற்கிறது. தட்டச்சு வராதவர்கள் குரலில் சொல்லி எழுத வைத்தார்கள். அது சில சொற்களைத் தவறாக எழுதும். திருத்துவது மற்ற ஐந்து பேரின் வேலை.

இப்போது பெற்றோரிடம் ஒரு வார்த்தை. இந்தச் செயலமர்வுக்கு என் தோழி ஒருத்தியை வீட்டில் விடவில்லை. அவளுடைய உம்மா கேட்ட கேள்விகள் மூன்று. முகம் தெரியாத யார் யார் இருப்பார்கள்? பிள்ளையின் படத்தை யாராவது எடுத்து வைத்துக்கொண்டால் என்ன செய்வது? நம்பர் எத்தனை பேருக்குப் போகும்? இந்தக் கேள்விகளைப் ‘பழைய காலத்துப் பயம்’ என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்கிரீன்ஷொட் எடுக்க ஒரு நொடி போதும். வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் அதில் இருக்கும் எல்லோருக்கும் நம்பர் தெரியும் என்பதும் உண்மை.

ஆனால் பதில் இல்லாத கேள்விகளும் அல்ல இவை. எங்கள் செயலமர்வில் கெமரா யாருக்கும் இல்லை. மாணவிகள் எல்லோரையும் சேர்த்து ஒரு வட்ஸ்அப் குழு அமைக்கவில்லை. குரல் பதிவுகள் அந்தந்தப் பாடசாலையின் ஆசிரியைக்குத்தான் போகும். அவர் அதை ஆவணத்தோடு சேர்ப்பார். கூட்டத்துக்கான லிங்க்கை அனுப்புவதும் அவர்தான். உள்ளே வருபவர்களைப் பெயர் பார்த்து அனுமதிப்பதும் அவர்தான். என் தோழியின் உம்மாவிடம் இதைச் சொன்னபோது, மூன்றாவது வாரம் அவர் மகளை அனுப்பினார். நான்காவது வாரம் தானே பக்கத்தில் உட்கார்ந்து, தன் உம்மா பாவித்த பதினொரு சமையல் சொற்களைச் சொல்லி எழுதச் செய்தார். பெற்றோர் கேட்டு, நடத்துபவர்கள் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல முடியாதவர்கள் நடத்தாமல் இருப்பதே நல்லது.

“பரீட்சை நெருங்குகிறது, இதெல்லாம் எதற்கு?” என்பது அடுத்த கேள்வி. உயர்தரப் பரீட்சையின் சுமை எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் சுமக்கிறேன். ஆனால் எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் விரும்பிய பாடத்தைப் படிக்கக்கூடிய பாடசாலைகள் குறைவு. ஆசிரியர் இல்லாத பாடம் எத்தனை பாடசாலைகளில் இருக்கிறது என்று உங்கள் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள். ஒரு பாடசாலையில் தமிழுக்கு நல்ல ஆசிரியை, இன்னொன்றில் அளவையியலுக்கு, வேறொன்றில் புவியியலுக்கு. ஆறு பேர் ஒரு ஆவணத்தில் கடந்தகால வினாத்தாளை எடுத்து, ஆளுக்கொரு கேள்விக்கு விடை எழுதி, ஒருவருக்கொருவர் திருத்தினால், இல்லாத ஆசிரியரின் இடத்தை முழுதாக நிரப்ப முடியாவிட்டாலும் வெறுமையாக விடாமல் இருக்கலாம். சொற்கோவைக்குப் பயன்பட்ட அதே முறை பாடத்துக்கும் பயன்படும். அப்படியொரு குழு எங்களிடையே இப்போது தொடங்கியிருக்கிறது.

இலவசக் கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இலவசமாகத் தருபவர் என்றைக்கும் தருவார் என்று நம்ப முடியாது. கூகுளின் ‘ஜேம்போர்ட்’ என்ற வரைபலகையை உலகம் முழுவதும் ஆசிரியர்கள் பாவித்தார்கள். 2024 டிசம்பர் 31ஆம் திகதியுடன் அது நிறுத்தப்பட்டது.  ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆவணத்தை இறக்கி, ஆசிரியை ஒருவரின் கணினியில் ஒரு பிரதி வைத்தோம். முடிவில் நான்கு சஹன்களின் வேலையையும் சேர்த்து அச்செடுத்து, மூன்று பாடசாலை நூலகங்களுக்கும் கொடுத்தோம். மின்சாரம் இல்லாத நாளிலும் அதை வாசிக்கலாம்.

அந்தச் சொற்கோவையில் என்ன இருக்கிறது? கவ்வாத்து, படங்கு, கொழுந்து மடுவம், பால்வெட்டு, ஒட்டுப்பால் என்று தேயிலை, இறப்பர்த் தோட்டத்துச் சொற்கள். சஹன், களரி, சாச்சி, உம்மும்மா, வாப்பும்மா என்று எங்கள் வீட்டுச் சொற்கள். பாட்டி என்ற ஒருவருக்கு மட்டும், எங்கள் பக்கத்தில் இரண்டு, அவர்கள் பக்கத்தில் அம்மாயி, அப்பாயி என்று இரண்டு. எங்கள் நான்கு சொற்களிலும் யார் பெற்றவர் என்பது உள்ளேயே இருக்கிறது, ‘பாட்டி’யில் அது இல்லை என்று கண்டுபிடித்தவள் எட்டியாந்தோட்டை மாணவிதான். அவளுக்கு ஆறு வாரத்தில் இரண்டு கூட்டங்களுக்குத்தான் சிக்னல் கிடைத்தது. காணொளியில் நடத்தியிருந்தால் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே நான்கு சிவப்புக் கோடுகள் விழுந்திருக்கும், ஆர்வமில்லாதவள் என்று முடிவு கட்டியிருப்போம். எங்கள் சொற்கோவையில் மிக அதிகமான சொற்களுக்கு மேல் இருப்பது அவளுடைய பெயர்.

2023இல் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். அந்த இருநூறு வருடச் சொற்கள் மூத்தவர்களின் வாயில்தான் இன்னும் இருக்கின்றன. எங்கள் உம்மும்மாமாரின் சொற்களும் அப்படித்தான். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. அடுத்த முறை எந்த மன்றமோ சங்கமோ இணையவழிச் செயலமர்வு ஒன்றை அறிவிக்கும்போது, போஸ்டர் செய்வதற்கு முன் பங்குபற்றுவோரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்: போன் யாருடையது, எத்தனை மணிக்கு உங்கள் கையில் கிடைக்கும்? கல்லூரி நிருவாகம் சனிக்கிழமைகளில் கணினி அறையை இரண்டு மணி நேரம் திறந்து வைக்கட்டும், போன் இல்லாத எங்கள் மாணவிகளும் எழுதலாம். எங்கள் சொற்கோவையை ‘நூலகம்’ ஆவணகத்துக்கு அனுப்ப ஆசிரியைகள் வழிகாட்டட்டும். அடுத்த சுற்றுக்கு இறக்குவானைப் பக்கத்துப் பாடசாலை ஒன்று சேர விரும்புவதாகச் சொல்லியிருக்கிறது. எங்களிடம் இரண்டு சஹன்களில் இடம் இருக்கிறது. சேர விரும்பும் சகோதரிகள் தமிழ் ஆசிரியையிடம் பெயரைக் கொடுங்கள்.